நூற்றுக்கு எண்பது: அது யாருடைய குரல்?

(இயக்கத் தோழர்களின் படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற திங்கள் நடந்த கூட்டம் முடிந்து வாயிலில் நின்றிருந்தபோது, இளந்தோழர் ஒருவர் என்னிடம் வந்தார். கையிலே நாளேடு, முகத்திலே கவலை. "ஐயா, ரஷ்ய மக்களில் நூற்றுக்கு எண்பது பேர் உக்ரைன் மீதான போரை ஆதரிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார்களே! அப்படியானால் குற்றம் ஆட்சியாளர்மீதா, அந்த மக்கள்மீதா?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள், பக்கத்தில் நின்ற மூத்த தோழர் குறுக்கிட்டார். "அதெல்லாம் பொய்க்கணக்கு, தம்பி! சிறைக்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டால் எவன்தான் 'இல்லை' என்பான்?" என்றார்.

இளையவர் ஓர் இனத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். மூத்தவர் கணக்கையே குப்பையில் எறிந்தார். இரண்டும் எளிய வழிகள். எளிய வழிகள் பெரும்பாலும் தவறான ஊருக்கே கொண்டு சேர்க்கும். அன்று அவர்கள் இருவருக்கும் வாயிலில் நின்று சொல்ல முடியாத விடையைத்தான் இன்று உங்கள் முன்னால் சொல்ல வந்திருக்கிறேன்.

ரஷ்ய மக்கள் என்ன எண்ணுகிறார்கள் என்று கேட்பதற்கு முன்னால், அந்த நாட்டில் மக்களிடம் கேள்வி கேட்பது என்ற செயலே என்ன பாடுபட்டது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1937ஆம் ஆண்டு, சனவரித் திங்கள் 6ஆம் நாள். சோவியத் ஒன்றியம் முழுவதிலும் ஒரே நாளில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடைபெற்றது. கேட்கப்பட்ட கேள்விகளுள் ஒன்று, "உமக்குச் சமய நம்பிக்கை உண்டா?" என்பது. இருபதாண்டுப் பிரச்சாரம் முடிந்துவிட்டது, கோயில்கள் பூட்டப்பட்டுவிட்டன, நாத்திகம் நாடெங்கும் வேரூன்றிவிட்டது என்று மேலிடம் நம்பியிருந்த காலம். விடை வந்தது. பதினாறு வயதுக்கு மேற்பட்டு விடையளித்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர், நூற்றுக்கு ஏறத்தாழ 57 பேர், "உண்டு" என்று எழுதச் சொல்லியிருந்தார்கள். அந்த ஆண்டு எப்படிப்பட்ட ஆண்டு என்பது உங்களுக்குத் தெரியும். நள்ளிரவில் கதவு தட்டப்படும் ஆண்டு. அந்த ஆண்டிலே, அரசு அலுவலரின் முகத்துக்கு நேரே, கோடிக்கணக்கான எளிய மக்கள் உண்மையைச் சொன்னார்கள்!

மற்றொரு கணக்கும் மேலிடத்தைச் சுட்டது. 1934இல் நடந்த கட்சி மாநாட்டிலேயே மக்கள்தொகை 16 கோடியே 80 இலட்சம் என்று ஸ்டாலின் அறிவித்திருந்தார். மூன்றாண்டு கழித்து எண்ணிப் பார்த்தால் 16 கோடியே 20 இலட்சந்தான் இருந்தது! 1932, 1933ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சம் கொண்டுபோன உயிர்கள் அந்த எண்ணிக்கையின் இடைவெளியிலே மௌனமாக நின்றன. என்ன செய்தார்கள்? பஞ்சத்துக்குப் பொறுப்பானவர்களைத் தேடவில்லை, எண்ணியவர்களைத் தேடினார்கள். கணக்கெடுப்புச் செல்லாது என்று அறிவித்தார்கள். புள்ளியியல் துறைத் தலைவர் கிராவல், மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தலைவர் குவிட்கின் ஆகியோர் கைது செய்யப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1939இல் மறுபடியும் எண்ணினார்கள். சமய நம்பிக்கை பற்றிய கேள்வி அதில் இல்லை. எண்ணிக்கையும் மேலிடத்துக்கு மனநிறைவு அளிக்கும்படி 17 கோடியாக வளர்ந்திருந்தது!

தோழர்களே, இந்த வரலாற்றிலிருந்து இரண்டு உண்மைகளை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ஒன்று, அச்சத்தின் நடுவிலும் மக்கள் சில வேளைகளில் உண்மை பேசுகிறார்கள். மற்றொன்று, உண்மை பேசியதன் விலை என்ன என்பதையும் அவர்கள் மறப்பதில்லை.

ஸ்டாலின் மறைந்த பிறகு, 1960இல், போரிஸ் குருஷின் என்ற ஆய்வாளர், 'கொம்சொமோல்ஸ்கயா பிராவ்தா' என்ற இளைஞர் ஏட்டின் அலுவலகத்திலேயே பொதுக்கருத்து ஆய்வுக்கழகம் ஒன்றைத் தொடங்கினார். முதற்கேள்வி, "மானிட குலத்தால் போரைத் தடுக்க முடியுமா?" என்பது. சில ஆண்டுகளில் அக்கழகம் மறைந்தது. யூரி லெவாடா என்ற மற்றோர் அறிஞர், மாஸ்கோப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் விரிவுரைகள் ஆற்றி, 1969இல் நூலாக வெளியிட்டார். விளைவு? கண்டனம் பொழிந்தது; பேராசிரியர் பட்டம் பறிபோனது; அவருடைய ஆய்வுக்குழு கலைக்கப்பட்டது. கோர்பசேவ் காலத்தில்தான், 1987இல், சமூகவியலாளர் தாத்தியானா சஸ்லாவ்ஸ்கயாவின் தலைமையில் அனைத்து ஒன்றியப் பொதுக்கருத்து ஆய்வு மையம் பிறந்தது. குருஷினும் லெவாடாவும் அதிலே பங்குகொண்டனர். 1992இல் லெவாடா அதன் தலைவரானார். 2003இல் அரசு அந்த மையத்தின் நிர்வாகக் குழுவை மாற்றித் தன் பிடிக்குள் கொண்டுவந்தது. லெவாடாவும் அவருடன் உழைத்தவர்களும் வெளியேறித் தனி நிறுவனம் கண்டனர். இன்று உலகம் 'லெவாடா மையம்' என்று குறிப்பது அதைத்தான். லெவாடா 2006இல் காலமானார். 2016இல் அந்த மையத்தின்மீது 'அயல்நாட்டு முகவர்' என்ற முத்திரை குத்தப்பட்டது. அந்த முத்திரையோடுதான் வீடு வீடாகச் சென்று அவர்கள் கேள்வி கேட்கிறார்கள்.

அந்தக் கேள்விகளுக்குக் கிடைத்த விடைகளுக்கு வருவோம். சில விடைகள் நம்மைத் திடுக்கிடச் செய்யும். அவற்றை மறைக்க நான் வரவில்லை.

"எல்லாக் காலத்திலும் எல்லா நாட்டிலும் தோன்றிய மாமனிதர்கள் யார் யார்?" என்று கேட்டார்கள். பெயர்ப்பட்டியல் எதையும் காட்டவில்லை. மனத்தில் தோன்றும் பெயர்களைச் சொன்னால் போதும். 1989இல் இந்தக் கேள்விக்கு லெனின் பெயரைச் சொன்னவர்கள் நூற்றுக்கு 72 பேர். ஸ்டாலின் பெயரைச் சொன்னவர்கள் 12 பேர். கொடுமைகள் அம்பலமாகி, ஏடுகளெல்லாம் அவற்றை எழுதிக் குவித்துக் கொண்டிருந்த காலம் அது. அதே கேள்வி 2012இல் கேட்கப்பட்டபோது ஸ்டாலின் முதலிடத்துக்கு வந்துவிட்டார். நூற்றுக்கு 42 பேர்! 2019இல், நாட்டு வாழ்வில் ஸ்டாலினின் பங்கு நன்மையானதே என்றோர் நூற்றுக்கு 70 பேர்.

பன்னிரண்டு எப்படி நாற்பத்திரண்டாயிற்று? ரஷ்யர் குருதியிலே கொடுங்கோலன்மீது காதல் ஊறியிருக்கிறது என்பார் சிலர். குருதிதான் காரணம் என்றால், 1989இல் அந்தக் குருதி எங்கே போயிற்று? காரணம் குருதியில் இல்லை, வாழ்க்கையில் இருக்கிறது. 1992 சனவரியில் விலைக்கட்டுப்பாடு நீக்கப்பட்டது. அந்த ஓராண்டில் விலைவாசி இருபத்தைந்து மடங்குக்கு மேல் ஏறிற்று. வாழ்நாளெல்லாம் சேர்த்த பணம் வாரங்களில் கரைந்தது. 1998 ஆகஸ்டில் ரூபிளும் வீழ்ந்தது. அரசின் சொத்துக்கள் ஒரு சிலர் கைக்குப் போயின. வேலை இழந்த தொழிலாளி, மாளிகை எழுப்பிய அலுவலனைப் பார்த்து, "அவர் இருந்திருந்தால் இவன் இப்படித் திரிவானா?" என்று முணுமுணுத்தான். அவன் ஏங்கியது கொலைக்களத்துக்காக அன்று. இன்றைய கொள்ளைக்காரனை ஓங்கி அடிக்க நேற்றைய கோலைத் தேடினான். ஆட்சியாளர்களோ, 1945இன் வெற்றியை முன்னே நிறுத்திச் சிறைமுகாம்களைத் திரைக்குப் பின்னே தள்ளினார்கள். மக்களின் கோபமும் ஆட்சியின் மறைப்பும் கைகோத்தன. ஸ்டாலின் எழுந்து வந்தார்!

சோவியத் ஒன்றியம் சிதைந்ததற்கு வருந்துகிறீரா என்ற கேள்விக்கும் இதே பாங்குதான். 2000இல் வருந்தியோர் நூற்றுக்கு 75. வாழ்க்கை ஓரளவு சீரடைந்த பின், 2012இல், 49. 2018இல் மீண்டும் 66. அந்த ஆண்டு என்ன நடந்தது? உலகக் கால்பந்துப் போட்டி தொடங்கிய நாளன்றே, ஓய்வூதிய வயதை உயர்த்தும் திட்டத்தை அரசு அறிவித்தது. ஆடுகளத்தில் ஆரவாரம், அடுப்பங்கரையில் அழுகை! ஏக்கம் ஏறுவதும் இறங்குவதும் வயிற்றோடு தொடர்புடையது என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

அடுத்து, பிறர்மீது காட்டும் வெறுப்பைப் பார்ப்போம்.

ரஷ்ய நகரங்களில் கட்டடம் எழுப்புவோர், தெருப் பெருக்குவோர், மூட்டை சுமப்போர் பலரும் உஸ்பெக்கிஸ்தான், தாஜிக்கிஸ்தான், கிர்கிஸ்தான் நாடுகளிலிருந்து வந்த உழைப்பாளிகள். ஒரு தலைமுறைக்கு முன்னால் ஒரே நாட்டின் குடிமக்களாக இருந்தவர்கள். 'மக்களினங்களின் நட்பு' என்று பள்ளிப் பாடத்தில் ஒன்றாகப் படித்தவர்கள். இன்று? உழைப்பாளிகளின் வருகையை அரசு கட்டுப்படுத்த வேண்டும் என்றோர் 2017இல் நூற்றுக்கு 58 பேர். 2019இல் 72 பேர். "ரஷ்யா ரஷ்யருக்கே" என்ற முழக்கத்தை முழுமையாகவோ, 'வரம்புக்கு உட்பட்டோ' ஏற்பவர்கள் 2020இல் ஏறத்தாழப் பாதிப்பேர். நாடோடி இனத்தவராகிய ரோமா மக்களோ, "இவர்கள் உங்கள் அண்டை வீட்டில் இருக்கலாமா?" என்ற வகைக் கேள்விகளில் ஆண்டுதோறும் கடைசிப் படியிலேயே நிறுத்தப்படுகிறார்கள்.

இதை மழுப்பக்கூடாது, தோழர்களே. இது நோய். இந்த நோயின் வலியை அனுபவிப்பவன் கருத்துக் கணிப்பில் பங்குபெறுவதில்லை. 'ஸ்லாவியருக்கு மட்டும் வீடு வாடகைக்கு' என்ற விளம்பரத்தைப் படித்துவிட்டுத் திரும்பி நடக்கும் தாஜிக் தொழிலாளி அவன். 2024 மார்ச்சில் மாஸ்கோவை அடுத்த குரோக்கஸ் அரங்கில் கொடியவர்கள் சிலர் நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களைப் பறித்தபோது, அந்தக் குற்றத்தில் எந்தப் பங்கும் இல்லாத உழைப்பாளிகள் பல்லாயிரவர்மீது ஐயத்தின் நிழல் விழுந்தது.

ஆனால் இந்த நோயும் எப்படி ஏறி இறங்குகிறது என்று பாருங்கள்! 2013இல் வெறுப்பு உச்சத்தில் நின்றது. அந்த ஆண்டு மாஸ்கோ மேயர் தேர்தல். வேட்பாளர்கள் போட்டி போட்டுக்கொண்டு வந்தேறிகளைச் சாடினார்கள். அக்டோபரில் பிர்யுல்யோவோ என்ற பகுதியில் கலவரமும் மூண்டது. 2014க்குப் பின் அந்த வெறுப்பு சரசரவென்று இறங்கியது. உஸ்பெக்கியர் திடீரென்று உறவினர் ஆகிவிட்டாரா? இல்லை. தொலைக்காட்சி தன் விரலை உக்ரைனை நோக்கியும் மேலைநாடுகளை நோக்கியும் திருப்பிவிட்டது. பகைவன் வேறிடத்தில் காட்டப்பட்டான். 2018க்குப் பின், வாழ்க்கை நெருக்கியபோது, வெறுப்பு மறுபடியும் பழைய வாசற்படிக்கே வந்து சேர்ந்தது.

அமெரிக்காவைப் பற்றிய எண்ணமும் இப்படியே. 1990களின் தொடக்கத்தில் பெரும்பாலான ரஷ்யர் அந்நாட்டின்மீது நல்லெண்ணம் கொண்டிருந்தனர். 1999இல் யுகோஸ்லாவியாமீது குண்டு வீழ்ந்தபோது அது சரிந்தது. ஈராக் போரின்போதும் ஜார்ஜியப் போரின்போதும் சரிந்தது. 2015 சனவரியில் கெட்ட எண்ணம் கொண்டோர் நூற்றுக்கு 81. 2018 ஆகஸ்டில், கால்பந்துப் போட்டியும் இரு நாட்டுத் தலைவர்களின் ஹெல்சிங்கி சந்திப்பும் முடிந்தபின், நல்லெண்ணம் 42, கெட்ட எண்ணம் 40. பகை நாடுகளைச் சொல்லுங்கள் என்று கேட்டபோது 2024இல் அமெரிக்காவைச் சொன்னோர் 76 பேர். 2025இல், வாஷிங்டனில் ஆட்சி மாறி, மாஸ்கோவின் தொனியும் மாறியபின், 40 பேர்! முதலிடம் செருமனிக்குப் போயிற்று. ஓராண்டிலே ஓர் இனத்தின் ஆழ்மனம் இப்படிப் புரண்டு படுக்குமா? புரண்டு படுத்தது செய்தி அறிக்கை!

ஒருபால் உறவினரைப் பற்றிய கணக்கையும் சொல்கிறேன். 1989இல், இவர்களை என்ன செய்வது என்ற கேள்விக்கு, 'ஒழித்துக்கட்ட வேண்டும்' என்ற விடையைத் தேர்ந்தவர்கள் மூன்றில் ஒரு பங்கினர். அந்தக் கொடிய விடை பின்னர்க் குறைந்தது. ஏனைய குடிமக்களுக்குரிய உரிமைகள் இவர்களுக்கும் வேண்டும் என்றோர் 2019இல் நூற்றுக்கு 47 பேர் வரை உயர்ந்தனர். இளைஞர்களிடையே இன்னும் மிகுதி. 2020இல் அரசியல் சட்டத்திருத்தம் வந்தது. திருமணம் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலானது என்று மேடைதோறும் முழங்கினார்கள். 2021இல் அந்த 47, 33 ஆயிற்று. 2023 நவம்பரில் நாட்டின் உச்சநீதிமன்றமே இவர்களுடைய 'இயக்கத்தை'த் தீவிரவாதம் என்று தடைசெய்தது. தானே ஆறிக்கொண்டிருந்த புண்ணை, சட்டத்தின் நகம் கீறிவிட்டது.

சமயத்தைப் பற்றியும் ஒரு சொல். 1991இல் தம்மை ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர் என்றோர் ரஷ்யாவில் நூற்றுக்கு 31 பேர். 2008இல் 72 பேர். அதே 2008இல், கடவுள் நம்பிக்கை உண்டு என்றோர் 56 பேர். திங்களுக்கு ஒரு முறையேனும் கோயிலுக்குச் செல்வோர் ஏறத்தாழ 7 பேர். கூட்டிக் கழித்துப் பாருங்கள்! கடவுளை நம்பாமலே கிறித்தவர் ஆனவர்கள் பலர். 1937இல் "நம்பிக்கை உண்டு" என்று சொல்வது ஆபத்தாக இருந்தது. அன்று சொன்னவர்கள் நம்பினார்கள். இன்று "நான் ஆர்த்தடாக்ஸ்" என்று சொல்வது "நான் ரஷ்யன்" என்று சொல்வதன் மறுபெயர். சொல் ஒன்றே, பொருள் வேறு.

இந்தக் கணக்குகளையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தால் தெரிவது என்ன? ஏரியில் நீர் இருக்கிறது, மறுக்க முடியாது. தோல்வியின் துயரம், வறுமையின் கசப்பு, அயலானைக் கண்ட அச்சம், பழம்பெருமையின் ஏக்கம் எல்லாம் தேங்கி நிற்கின்றன. ஆனால் எந்த நாளில் எந்த மடையைத் திறப்பது, எந்த வயலை மூழ்கடிப்பது என்பதை முடிவு செய்கிற கை ஒன்று இருக்கிறது. மக்களின் தப்பெண்ணத்தை ஆட்சி உண்டாக்குகிறது என்பது அரை உண்மை. மக்களின் தப்பெண்ணத்தை ஆட்சி பயன்படுத்துகிறது என்பதே முழு உண்மை.

இப்போது மூத்த தோழரின் கேள்விக்கு வருகிறேன். அச்சத்தில் சொன்ன விடைக்கு மதிப்பு உண்டா?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். லெவாடா மையமும் அப்படித்தான் செய்கிறது. ஐம்பது மாநிலங்களில் ஏறத்தாழ 1,600 பேரை, அவர்கள் வீட்டிலேயே கண்டு கேட்கிறது. முறை பழுதற்றது. ஆனால் சோற்றுக்கும் மனிதனுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. அழுத்திப் பார்க்கிற விரலைக் கண்டு சோறு அஞ்சாது, மனிதன் அஞ்சுவான். 2022 மார்ச் 4இல் ஒரு சட்டம் வந்தது. படையைப் பற்றிப் 'பொய்ச்செய்தி' பரப்பினால் பதினைந்தாண்டு வரை சிறை. அந்தத் திங்களில்தான் "நமது படைகளின் செயலை ஆதரிக்கிறீரா?" என்று கேட்கப்பட்டது. 81 பேர் ஆம் என்றனர்.

அச்சத்தை அளக்கவும் ஆய்வாளர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பொதுவான செய்திகள் சிலவற்றை ஒரு குழுவினரிடம் கொடுத்து, "இவற்றுள் எத்தனையை ஏற்கிறீர்? எவை என்று சொல்லவேண்டா, எண்ணிக்கையை மட்டும் சொல்லுங்கள்" என்பார்கள். மற்றொரு குழுவினரிடம் அதே பட்டியலோடு போரையும் ஒன்றாகச் சேர்த்துக் கொடுப்பார்கள். இரு குழுவினரின் சராசரிக்கும் உள்ள வேறுபாடே, யாரையும் காட்டிக் கொடுக்காத விடை. 2022 வசந்தத்தில் சாப்கோவ்ஸ்கி, ஷாப் என்ற இரு ஆய்வாளர்கள் இணையவழி இப்படிக் கேட்டனர். நேரே கேட்டபோது 68 பேர் போரை ஆதரித்தனர். மறைவாகக் கேட்டபோது 53 பேர். பதினைந்து பேர் அச்சத்தின் பங்கு.

மூத்த தோழர் மகிழ்ந்துவிட வேண்டா! மீதி 53 பேர் இருக்கிறார்களே! 2015இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதே முறையில் புதினின் செல்வாக்கை அளந்தபோதும், அது ஏறத்தாழ எண்பதிலேயே நின்றது. அச்சம் ஒரு பகுதியை விளக்கும், முழுவதையும் விளக்காது. எல்லாம் பொய் என்று கைகழுவுவது நமக்கு ஆறுதல் தரலாம்; அறிவு தராது.

கேள்வியின் உருவம் விடையை எப்படி மாற்றும் என்பதற்கு ஒரு வேடிக்கை சொல்லட்டுமா? 2019 மே திங்களில் அரசுச் சார்பு ஆய்வு மையம், "எந்த அரசியல்வாதியை நம்புகிறீர்?" என்று பெயர் குறிப்பிடாமல் கேட்டது. புதின் பெயரைத் தாமாகச் சொன்னோர் நூற்றுக்கு 31.7 பேர். கிரெம்ளின் மாளிகை விளக்கம் கேட்டது. மையம் உடனே, "புதினை நம்புகிறீரா, இல்லையா?" என்று பெயரைச் சொல்லியே கேட்டது. 72.3 பேர்! ஒரு கிழமைக்குள் மக்களின் நம்பிக்கை இரட்டித்துவிட்டது! முதற்கேள்வி நெஞ்சில் இருப்பதைத் தேடியது. இரண்டாவது கேள்வி வாயில் இருப்பதை வாங்கியது. இரண்டு விடையும் மெய்தான். நெஞ்சுக்கும் வாய்க்கும் உள்ள தொலைவுதான் அந்த நாற்பது!

அந்தத் தொலைவை அளந்து காட்டியவர் லெவாடா. 1989இல் 'சோவியத் மனிதன்' என்ற ஆய்வை அவருடைய குழு தொடங்கியபோது, அரசையே அண்டி வாழும் அந்த மனிதன் தன் தலைமுறையோடு மறைவான் என்று எதிர்பார்த்தது. மறையவில்லை. பின்னாளில் லெவாடா அவனுக்குத் தந்த பெயர் 'சூதறிந்த மனிதன்'. ஆட்சியை ஏமாற்றுவான், ஆட்சி தன்னை ஏமாற்றுவதைப் பொறுத்துக்கொள்வான், எல்லாவற்றையும்விடத் தன்னையே ஏமாற்றிக்கொள்வான். அவன் பிறவியில் அப்படி இல்லை. நீதிமன்றம், காவல்துறை, படை, பள்ளி என்ற வார்ப்படங்கள் மாறவில்லை. ஆகவே வார்ப்பும் மாறவில்லை. நாட்டின் முடிவுகளில் உங்களுக்குப் பங்கு உண்டா என்று கேட்டால், மிகப் பெரும்பான்மையோர் "இல்லை" என்று விடை சொல்கிறார்கள். இந்த ஒரு விடைதான் மற்ற விடைகளுக்கெல்லாம் திறவுகோல். தன்னால் மாற்றமுடியாத ஒன்றை ஏற்றுக்கொள்வதற்கும், விரும்பி ஆதரிப்பதற்கும் உள்ள வேற்றுமையை அந்த எண்பது காட்டுவதில்லை.

ஆகவேதான் அடுத்த கேள்வியையும் படிக்க வேண்டும் என்கிறேன். அந்த 81 பேரில், "உறுதியாக ஆதரிக்கிறேன்" என்றோர் 53. "ஓரளவு" என்று இழுத்தோர் 28. 2022 செப்டம்பர் 21இல் ஆள்திரட்டும் ஆணை வந்தது. போர் தொலைக்காட்சியிலிருந்து இறங்கி வீட்டு வாசலுக்கு வந்தது. அக்டோபரில், போரைத் தொடர்வதா, பேச்சு நடத்துவதா என்ற கேள்விக்குப் பேச்சே வேண்டும் என்றோர் 57 பேர். 2025 ஆகஸ்டில் 66 பேர். போருக்கு முன்பே, 2021இல், உலகம் அஞ்சும் வல்லரசு வேண்டுமா, நல்வாழ்வு வேண்டுமா என்று கேட்டபோது, மூன்றில் இரண்டு பங்கினர் நல்வாழ்வையே கேட்டனர். அதே மக்கள், தோழர்களே! அதே வாய்கள்! 'படைக்கு ஆதரவு' என்று ஒரு மூச்சிலும், 'போர் போதும்' என்று மறுமூச்சிலும் சொல்கிறார்கள். முதல் மூச்சை மட்டும் முழங்குகிறவர் இருவர். ஒருவர், "மக்கள் என் பக்கம்" என்று மார்தட்டும் ஆட்சியாளர். மற்றவர், "அந்த மக்களே அப்படித்தான்" என்று பழிக்கும் அயலவர். பகைவர்களான இருவரும் ஒரே எண்ணைத் தூக்கிப் பிடிப்பதைக் கண்டீர்களா?

இளந்தோழரே, உம்முடைய கேள்விக்கு என் விடை இது. போரைத் தொடங்கியது ஆட்சி. அந்தக் குற்றத்தை மக்களின் தலையில் ஏற்றி ஆட்சியைத் தப்பவிடக்கூடாது. ஆனால், அயலவனை வெறுத்ததும், அநீதியைக் கண்டு கண்ணை மூடியதும் மக்களுடைய பிழைகளே. ஆட்சியின் தலையில் ஏற்றி அவற்றையும் மறைக்கக்கூடாது. ஓர் இனத்தைத் தூற்றுவது அரசியல் அறிவு ஆகாது. ஓர் இனத்தைத் துதிப்பதும் ஆகாது.

மக்களிடையே பணியாற்றுகிற நாம் இதிலிருந்து பெறவேண்டிய பயிற்சி ஒன்று உண்டு. எந்த எண்ணிக்கை நம் முன் வந்தாலும், மூன்று கேள்விகள் கேட்போம். கேட்டவர் யார்? கேட்கும்போது பக்கத்தில் நின்றவர் யார்? அடுத்த கேள்விக்கு என்ன விடை? எண்ணிக்கை நமக்குப் பிடித்திருக்கும் நாளில் இந்த மூன்றையும் இன்னும் உரக்கக் கேட்போம். பெரும்பான்மை என்பது மதிக்க வேண்டியது; ஆனால் வாய்திறக்க உரிமை உள்ள இடத்தில் பிறந்த பெரும்பான்மையே மதிப்புக்குரியது. ஓசை வேறு, குரல் வேறு.

முடிக்குமுன் ஒரு காட்சியை உங்கள் கண்முன் நிறுத்துகிறேன். ஏதோ ஒரு ரஷ்ய நகரம். பனி கொட்டும் மாலை. அடுக்குமாடி வீடொன்றின் கதவு தட்டப்படுகிறது. கையில் வினாத்தாளுடன் ஒரு பெண் நிற்கிறாள். அயல்நாட்டு முகவர் என்று அரசு முத்திரை குத்திய நிறுவனத்தின் ஊழியர். கதவைத் திறந்தவளோ, மகனைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் தாய். "போரை ஆதரிக்கிறீர்களா?" என்று கேள்வி வருகிறது. அந்தத் தாய் ஒரு கணம் பேசாமல் நிற்கிறாள். பிறகு ஏதோ ஒரு விடை சொல்கிறாள். அந்த விடை தாளில் ஏறும், கணக்கில் சேரும், உலகெங்கும் ஏடுகளில் வரும். அந்த ஒரு கண மௌனம் எந்தக் கணக்கிலும் ஏறாது.

1937இல் அவளுடைய பாட்டி அந்த மௌனத்தை உடைத்தாள், கேட்டவர்களைச் சுட்டார்கள். பேத்தி மௌனத்தைக் காக்கிறாள். அந்த மௌனம் வாய்திறக்கும் நாள் ஒன்று வரும். அன்று அவள் சொல்வது நமக்கு உவப்பாகவும் இருக்கலாம், கசப்பாகவும் இருக்கலாம். ஆனால் அதுதான் ரஷ்ய மக்களின் குரலாக இருக்கும். அதுவரை, எண்களைப் படிப்போம். எண்களுக்குப் பின்னே நிற்கும் மனிதரை மறவாமல் படிப்போம்!